கிராஞ்சியின் மழைக் கணக்கு

தாயகத்தில் வாழ்ந்த நம் பாட்டன் பாட்டிமார் தம் வயதைச் சொல்லுங்கால் ஆண்டின் எண்ணைச் சொன்னாரல்லர். தாது வருடப் பஞ்சத்தில் தாம் இடுப்புக் குழந்தை என்பார் ஒருவர். ஆற்றுப் பாலத்தை வெள்ளம் அடித்துச்சென்ற ஆடியில் தமக்குக் கலியாணம் என்பார் மற்றொருவர். 1876ஆம் ஆண்டு தொடங்கிச் சென்னை மாகாணத்தை உலுக்கிய பெரும் பஞ்சமும், 1924ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் காவிரிக் கரையையும் மலையாளக் கரையையும் ஒருங்கே விழுங்கிய வெள்ளமும் அவர்க்கு நாட்காட்டியாய் அமைந்தன. கடல் கடந்து இந்நாட்டிற் குடியேறிய பின் நம்மவர் அவ்வழக்கத்தைப் பெரிதும் கைவிட்டனர். இங்கு முதியோர் நாவில் எஞ்சியிருந்தது 'சப்பான்காரன் காலம்' ஒன்றே. வெள்ளத்தை வைத்தோ சூறையை வைத்தோ ஆண்டு குறிப்பார் அரியர்.

இதற்குக் காரணம் யாது? இந்நாடு இயற்கைச் சீற்றத்துக்கு அப்பாற்பட்டது என்னும் எண்ணமே. இவ்வெண்ணம் முழுப் பொய்யன்று. எரிமலை இங்கில்லை. நாகப்பட்டினத்தாரை ஆண்டுதோறும் அச்சுறுத்தும் வங்கக் கடற் புயல் இங்கு வருவதில்லை. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை, நம் முன்னோர் கப்பலேறிய அதே நாகைக் கரையில் ஆயிரக்கணக்கானோரை வாரிச்சென்றது; பினாங்கு, கெடா கரைகளிலும் உயிர் குடித்தது; சிங்கப்பூரையோ தீண்டவில்லை. சுமத்ரா என்னும் நெடிய தீவு குறுக்கே மதிலாய்க் கிடந்து காத்தது. இவையெல்லாம் உண்மையே. ஆயினும் மதில் உண்டென்று அறிந்தவன் வாயிலைத் தாழிடாமல் உறங்குதல் அறிவுடைமை ஆகாது. வாயில் எது என்பதை அறியச் சிங்கப்பூர்த் தீவின் வடமேற்கு மூலையிலுள்ள கிராஞ்சி என்னும் சிறு வட்டாரத்தை எடுத்து ஆராயப் புகுகின்றோம். இன்று பலர் அதனை ஒரு ரயில் நிலையத்தின் பெயராகவும், 2024ஆம் ஆண்டு அக்டோபரில் தன் இறுதிப் பந்தயத்தை நடத்தி முடித்த குதிரைத் திடலின் பெயராகவும் மட்டுமே அறிவர்.

கிராஞ்சி என்பது ஒரு மரத்தின் பெயர். புளியின் சுவையுடைய சிறு கருங்கனி தரும் கெராஞ்சி மரம் அங்கு மிகுந்திருந்தமையால் மலாய் மக்கள் ஆற்றுக்கும் ஊருக்கும் அப்பெயரை இட்டனர். அவ்வாறு வடக்கு நோக்கி ஓடி ஜொகூர் நீரிணையில் கலந்தது. கரையெங்கும் கண்டற்காடு, கடல் ஓதம் ஏறுந்தோறும் ஆற்றுநீர் பின்வாங்கி நிற்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் சீனர் அங்குப் புகுந்து காட்டை அழித்து மிளகும் காம்பீரும் பயிரிட்டனர். காம்பீர் இலையைப் பெருங்கொப்பரையில் இட்டுக் காய்ச்சிச் சாறெடுத்தல் வேண்டும். அதற்கு விறகு மலைமலையாய் வேண்டும். ஒரு தோட்டம் பயிரால் நிலத்தை உண்டது. அடுப்பால் காட்டை உண்டது. பதினைந்து இருபது ஆண்டில் மண் சோர்ந்ததும் தோட்டக்காரர் அடுத்த காட்டுக்குப் பெயர்ந்தனர்; முடிவில் நீரிணையைத் தாண்டி ஜொகூருக்கே போயினர். அவர் விட்டுச்சென்ற இடத்தில் லாலான் புல் மண்டியது. 1840களில் புக்கித் தீமா வழியாகக் கிராஞ்சி வரை சாலை நீண்டது. அக்காலத்துச் சாலைகளிலும் வடிகால்களிலும் இந்தியக் கைதிகளின் வியர்வை பெரும்பங்கு கலந்திருந்தது என்பதை நேயர் மறத்தலாகாது. விலங்கு பூண்ட கால்களோடு சேற்றில் நின்று அவர் வெட்டிய கால்வாய்களே இத்தீவின் முதல் வெள்ளத் தடுப்பு எனல் மிகையன்று. பின்னர் 1903ஆம் ஆண்டு இருப்புப்பாதை வந்தது, ரப்பர் வந்தது, நம்மவரும் பால்வாளியோடு வந்தனர்.

காடு அழிந்தால் மழைக்கும் நீருக்கும் என்னாகும் என்னும் வினாவை அக்காலத்தே எழுப்பியோர் இல்லாமல் இல்லை. 1848ஆம் ஆண்டிலேயே லோகன் என்பார் பினாங்கின் மலைக்காடுகளை வெட்டுவதால் அதன் தட்பவெப்பத்துக்கு நேரக்கூடிய கேட்டைக் குறித்துத் தம் இதழில் எழுதினார். 1883ஆம் ஆண்டில் பூமலைத் தோட்டத்தின் மேற்பார்வையாளர் கான்ட்லி, குடியேற்ற நாடுகளின் காடுகளைப் பற்றி அறிக்கை தந்து, எஞ்சியவற்றையேனும் ஒதுக்கிக் காக்குமாறு வற்புறுத்தினார். நூற்றைம்பது ஆண்டுக்கு முன்னரே சொல்லப்பட்ட பாடம் இன்றும் புதிது போலவே பேசப்படுகிறது. இது மக்கள் இயல்பு போலும்.

இனி மழையைக் காண்போம். சிங்கப்பூரின் மழைக் கணக்கு 1869ஆம் ஆண்டு முதல் தொடர்ச்சியாக உள்ளது. அதற்கு முன்னும் 1841 முதல் 1845 வரை எலியட் என்னும் படைத்துறை அதிகாரி காந்தக் கண்காணிப்பு நிலையம் ஒன்றை நிறுவி, வானிலையையும் குறித்துவைத்தார். மலாயாவுக்கெனத் தனி வானிலைத் துறை 1929ஆம் ஆண்டில் அமைந்தது. இக்கணக்குகளின்படி, 1991 முதல் 2020 வரையுள்ள முப்பதாண்டின் சராசரி ஆண்டுக்கு 2,113 மில்லிமீட்டர்; அதாவது 83 அங்குலம். ஆண்டில் ஏறத்தாழ 171 நாள் மழைநாள். தீவின் கிழக்கைக் காட்டிலும் வடக்கிலும் மேற்கிலும் மழை மிகுதி. கிராஞ்சி அவ்விரண்டும் கூடும் மூலையில் உள்ளது. இடியோசை கேட்கும் நாட்களோ ஆண்டுக்கு 160க்கு மேல். உலகில் மின்னல் மிகுந்த இடங்களுள் இத்தீவும் ஒன்று. நனைந்த மரத்தடியில் இரும்பு உளியோடு நிற்கும் பால்வெட்டுத் தொழிலாளிக்கு இந்த எண்ணின் பொருள் சொல்லாமலே விளங்கும்.

மழை அளப்பது எப்படி என்பதைத் தோட்டத்துக் கிராணிமார் அறிவர். காரியாலயத்தின் முன், மரநிழல் படாத வெளியில், புனல் வாயுள்ள ஓர் உலோகக் குழாய் நட்டிருக்கும். உள்ளே சேர்ந்த நீரைக் காலைதோறும் கோடிட்ட கண்ணாடிக் குவளையில் ஊற்றி, எண்ணைப் பார்த்துப் புத்தகத்தில் எழுதுதல் வேண்டும். எருவிடும் நாளைக் குறிக்கவும், வேலை நின்ற நாளைக் கணக்கிடவும் அப்புத்தகம் பயன்படும். துரைமார் பலர் மாறினும், தோட்டம் கைமாறினும், புத்தகம் மட்டும் மேசையிலேயே கிடந்து வளரும். யாமும் அவ்வேலையை நாள்தோறும் செய்பவராதலின் ஒன்று கூறத் துணிகின்றோம்: அந்த எண் பார்வைக்குச் சிறிதாயினும் பொருளிற் பெரிது. ஒரு மில்லிமீட்டர் மழை ஒரு ஹெக்டேர் நிலத்தில் விழுந்தால் அது பத்தாயிரம் லிட்டர், பத்து டன் எடை. இரண்டு அங்குலம் பெய்தது என்று நாம் வாயாற் சொல்லிவிடுகிறோம். ஒரு ஹெக்டேர் மீது ஐந்நூறு டன் நீர் வந்து இறங்கிற்று என்பது அதன் பொருள். அந்நீர் எங்கே போகும் என்பதே வெள்ள வரலாறு முழுவதும்.

காற்றின் செய்தி வேறு. யாம் பயின்ற ஆங்கிலப் பள்ளியின் பூகோளப் பாடத்தில் அமெரிக்கப் புல்வெளிச் சிற்றூர்களைச் சிதைக்கும் சுழற்காற்றைப் பற்றிப் பக்கம் பக்கமாய் இருந்தது. 1925ஆம் ஆண்டு மார்ச்சு 18ஆம் நாள் அந்நாட்டில் மூன்று மாநிலங்களைக் கடந்து சென்ற ஒரே சுழற்காற்றில் 695 பேர் மாண்டனர். ஆகவே அங்குள்ளோர் பலர் வீட்டடியில் நிலவறை தோண்டிவைக்கின்றனர். சங்கொலி கேட்டதும் அதனுள் இறங்குகின்றனர். அதே பாடத்தில், விடியற்காலையில் மலாக்கா நீரிணையின் மேல் திரண்டு நம் கூரைமீது வந்து மோதும் 'சுமத்ரா' காற்றைப் பற்றி ஒரு வரியும் இருந்ததாக நினைவில்லை. ஏப்ரல் முதல் நவம்பர் வரை, பெரும்பாலும் விடியலுக்கு முன்னோ காலையிலோ, கரிய மதில் போன்ற முகில்வரிசை மேற்கிலிருந்து வரும். முதலில் குளிர்காற்று, உடனே சூறை, பின் ஒருமணிப்பொழுது பெருமழை. 1984ஆம் ஆண்டு ஏப்ரல் 25ஆம் நாள் கிராஞ்சிக்குத் தெற்கே அணித்தாயுள்ள தெங்காவில் இத்தகைய காற்று மணிக்கு 144.4 கிலோமீட்டர் வேகத்தில் வீசியது. சிங்கப்பூரில் அளக்கப்பட்ட காற்றுவீச்சுகளுள் தலையாயது அதுவே. 2024ஆம் ஆண்டு செப்டம்பர் 17ஆம் நாள் வீசிய மற்றொன்று முந்நூறுக்கு மேற்பட்ட மரங்களைச் சாய்த்தது. தோட்டத்தில் ஒரு சுமத்ரா வீசினால் நிரைநிரையாய் ரப்பர் மரங்கள் ஒரே திசையில் தலைசாய்த்துக் கிடக்கும். நிலவறை தோண்டும்படி நாம் கூறவில்லை. தகரக் கூரையின் ஆணியை ஆண்டுக்கொருமுறை பார்த்தல் நன்று என்று மட்டுமே கூறுகிறோம்.

நூல்களில் நடவாது என்று எழுதப்பட்ட ஒன்று இதே வட்டாரத்தில் நடந்துவிட்டது; அதனைச் சற்று விரித்துரைப்போம். கடற்புயல் சுழல்வதற்குப் பூமி தன்னைத்தான் சுற்றுவதால் காற்றுக்கு உண்டாகும் பக்க விலக்கம் வேண்டும். நிலநடுக்கோட்டை நெருங்க நெருங்க அவ்விலக்கம் தேய்ந்து இல்லையாகும். ஆதலின் நடுக்கோட்டிலிருந்து ஐந்து பாகைக்குள் புயல் பிறவாது என்பது நெடுங்காலப் பாடம். சிங்கப்பூரும் ஜொகூரும் ஒன்றிரண்டு பாகையில் இருப்பவை. எனவே அச்சமில்லை என்றிருந்தோம். 2001ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் வடக்கிலிருந்து வாடைக்காற்று வெள்ளம்போல் தென்சீனக் கடலில் இறங்கியது. போர்னியோவின் கரையோரம் வழக்கமாய்த் தோன்றும் ஒரு சுழல், அவ்வாண்டு கரையை விட்டு விலகி நடுக்கடலுக்கு நகர்ந்தது. குறுகிய கடலில் இரண்டும் பல நாள் ஒன்றையொன்று தழுவிச் சுழன்றன. பூமி தாராத சுழற்சியை அவை தாமே தேடிக்கொண்டன. 26ஆம் நாள் புயல் பிறந்தது. ஏறத்தாழ ஒன்றரைப் பாகையில், அதாவது கிராஞ்சி இருக்கும் அதே அகலக்கோட்டிற்கு வெகு அருகில். 'வாமெய்' என்று அதற்குப் பெயரிட்டனர். மறுநாள் சிங்கப்பூருக்கு வடகிழக்கே சுமார் 60 கிலோமீட்டரில் ஜொகூர்க் கரையேறியது. ஜொகூரிலும் பகாங்கிலும் வெள்ளம் பெருகிற்று. கூனோங் பூலாய் மலையில் மண்ணும் மரமும் பாறையுமாய்ச் சரிந்து ஐவர் உயிரைக் குடித்தன. அம்மலை எது? சிங்கப்பூர் மக்களுக்குக் குழாய் வழியே குடிநீர் தந்த மலைகளுள் ஒன்று. நூறு முதல் நானூறு ஆண்டுக்கு ஒருமுறை நேரக்கூடியது இது என்று ஆராய்ச்சியாளர் பின்னர்க் கணக்கிட்டனர்.

புயல் அரிது, வெள்ளமோ அரிதன்று. 1969ஆம் ஆண்டு டிசம்பரில் ஒரு நாளில் 467 மில்லிமீட்டர் பெய்து சிங்கப்பூர் மூழ்கியது. 1978ஆம் ஆண்டு டிசம்பர்த் தொடக்கத்தில் பாயா லேபாரில் இருபத்துநான்கு மணி நேரத்தில் 512.4 மில்லிமீட்டர், இருபது அங்குலத்துக்கு மேல், பெய்தது. ஆண்டு மழையில் ஏறத்தாழக் காற்பங்கு ஒரே நாளில் கொட்டிற்று. ஹெக்டேருக்கு ஐயாயிரம் டன்னுக்கு மேல் என்று மேலே சொன்ன கணக்கால் நேயரே அறியலாம். எழுவர் உயிரிழந்தனர்; ஆயிரத்துக்கு மேற்பட்டோர் வீடு விட்டு வெளியேறினர்; பன்றியும் கோழியும் கூட்டோடு மிதந்தன. மூழ்கியவை எவை? போத்தோங் பாசிர் போன்ற தாழ்நிலக் கம்பங்கள், அத்தாப்புக் குடிசைகள், காய்கறித் துண்டுகள். நம்மவர் தேக்காப் பக்கம் என்று வழங்கும் சிராங்கூன் சாலை வட்டாரமும் தோற்றத்தால் தாழ்நிலமே. ரோச்சோர் ஆற்றின் ஈரமும் புல்லும் இருந்தமையால் அங்கு மாட்டுக் கொட்டில்கள் எழுந்தன. எருமைத் தெரு என்னும் பெயரே அதற்குச் சான்று. எருமைக்கு ஏற்ற இடத்தில் மனிதன் வீடு கட்டினால், எருமைக்கு மகிழ்ச்சி தரும் நீர் மனிதனைத் தேடி வரும். இதில் வியப்பொன்றுமில்லை.

ஆயினும் வெள்ளம் வந்தபின் நம்மிடையே வேறொரு பேச்சும் எழுவதுண்டு. அம்மனுக்குப் பொங்கலிடத் தவறினோம், ஆற்றுக் காவலுக்குக் கோழி அறுக்க மறந்தோம், அதனாலே இந்தச் சீற்றம் என்பர் சிலர். யாம் எவருடைய நம்பிக்கையையும் பழிக்க இதனை எழுதவில்லை. ஆனால் கண்ணால் கண்டதைச் சொல்லாதிருத்தலும் இயலாது. வெள்ளம் கோயிலையும் நனைக்கும், சூராவையும் நனைக்கும், சீனர் ஆலயத்தையும் நனைக்கும். மேட்டில் அமைந்த துரை பங்களாவை மட்டும் நனைப்பதில்லை. அப்பங்களாவில் வாழ்ந்தோர் எல்லாரும் நேர்த்திக்கடனைத் தவறாது செலுத்தியவர் என்று எவரேனும் சொல்லத் துணிவரோ? பங்களா மேட்டிலும், கிராணி வீடு நடுச்சரிவிலும், லயம் ஆற்றங்கரைப் பள்ளத்திலும் அமைந்ததற்குத் தெய்வம் காரணமன்று. வரைபடம் வரைந்த கை காரணம். மழையை வானம் பெய்கிறது. வெள்ளம் எவன் வீட்டுப் படியேறும் என்பதைப் பெரும்பாலும் மனிதனே முன்கூட்டி எழுதி வைக்கிறான்.

எழுதியதை மாற்றி எழுதலாம் என்பதற்கும் கிராஞ்சியே சான்று தருகிறது. புக்கித் தீமா வெள்ளநீரைத் திருப்பிவிடும் கால்வாய் 1972ஆம் ஆண்டில் முடிந்தது. 1963ஆம் ஆண்டு ஏப்ரலில் தொடங்கிப் பத்துத் திங்கள் நீடித்த வறட்சிப் பங்கீட்டை, வாளியோடு குழாயடியில் நின்ற மக்கள் மறக்கவில்லை, ஆட்சியாளரும் மறக்கவில்லை. வெள்ளத்தால் அழும் ஊரே தாகத்தாலும் அழுதது. ஆகவே கடலுக்கு ஓடிய கிராஞ்சி ஆற்றின் வாயையே அணைகட்டி மூடினர். 1975ஆம் ஆண்டில் கிராஞ்சி நீர்த்தேக்கம் அமைந்தது. உப்பு நீர் வெளியேற்றப்பட்டு மழைநீர் தங்கிற்று. கடலோதம் உள்ளே ஏறாது மதகு தடுக்கும். உள்ளே நீர் மிகுந்தால் மதகைத் திறந்து வெளியேற்றுவர். பெங் சியாங், தெங்கா, காங்கார் என்னும் சிற்றாறுகளின் நீர் அதனுட் சேரும். அந்நீர் கெடாதிருக்க அவ்வட்டாரத்துப் பன்றிப் பண்ணைகள் பொங்கோலுக்குப் பெயர்க்கப்பட்டன. பண்ணைக்காரர் மகிழ்ந்தாரில்லை, அவர்தம் இழப்பையும் இக்கணக்கில் எழுதுதல் முறை. தீவு முழுதும் 1970களில் 3,200 ஹெக்டேர் வெள்ளம் நிற்கும் நிலமாக இருந்தது. பின்னாளில் அது 30 ஹெக்டேருக்கும் கீழே குறைக்கப்பட்டது. இறைஞ்சி வந்ததன்று அது. அளந்து, வெட்டி, செலவிட்டு வந்தது.

அதே மழை கடற்பாலத்துக்கு அப்பால் என்ன செய்தது? 2006ஆம் ஆண்டு டிசம்பர் 19ஆம் நாள் சிங்கப்பூரில் 366 மில்லிமீட்டர் பெய்தது. சாலைகள் சில மூழ்கின, மரங்கள் சாய்ந்தன, ஊர் மறுநாள் வேலைக்குச் சென்றது. அதே நாட்களில் ஜொகூரில் சிகாமட்டும் கோத்தா திங்கியும் நீருள் ஆழ்ந்தன. சனவரியில் மீண்டும் ஒருமுறை வெள்ளம் ஏறியது. ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோர் வீடு விட்டு வெளியேறினர். முகிலுக்குச் சுங்கச்சாவடி கிடையாது. இருகரைக்கும் வானம் ஒன்றே. வேறுபட்டவை ஆற்றின் நீளமும், காட்டின் அழிவும், கால்வாய்க்கு ஒதுக்கிய பணமுமே. பெரிய ஆறுகளையுடைய மாநிலத்தையும் ஒரு சிறு தீவையும் ஒரே கோலால் அளத்தல் நேர்மையன்று என்பதை ஒப்புக்கொள்கிறோம். ஆயினும் கோத்தா திங்கியில் முதல் வெள்ளத்தின் சேற்றைக் கழுவி முடிக்குமுன் இரண்டாவது வெள்ளத்தைக் கண்ட குடும்பத்துக்கு இந்த நேர்மை ஆறுதல் தராது.

தோட்டத் தமிழர்க்கு வெள்ளம் என்பது நீர் மட்டுமன்று. 1926ஆம் ஆண்டு டிசம்பரில் மலாயாவின் பல மாநிலங்களை மூழ்கடித்த பெருவெள்ளத்தைக் கிளந்தான் மலாய் மக்கள் 'செந்நீர்ப் பெருக்கு' என்னும் பொருளில் இன்றும் பெயர்சொல்லி நினைவுகூர்கின்றனர். அவர்க்கு அதற்கொரு பெயருண்டு, நமக்கில்லை. அக்காலத்தில் மழை பெய்தாலே பால்வெட்டு இல்லை. பட்டை நனைந்தால் பால் வெட்டுவாயை விட்டு வழிந்து சிந்தும். வெட்டிய பின் மழை பெய்தால் மங்கில் விழுந்த பால் நீரோடு போகும். விடியலில் பிரட்டுக்களத்தில் நின்று வானத்தைப் பார்த்துத் திரும்பிய தொழிலாளிக்கு அன்று கூலியுமில்லை. டிசம்பர் மழை பத்து நாள் தொடர்ந்தால் பத்து நாள் அடுப்பு தணியும். கடைக்காரன் கடன் ஏறும். வெள்ளம் வடிந்ததும் தேங்கிய குட்டையில் கொசு பெருகும். பின் காய்ச்சல் வரும். கிள்ளானில் 1901ஆம் ஆண்டு முதல் மருத்துவர் மால்கம் வாட்சன் சதுப்பை வடியவைத்து மலேரியாவை ஒடுக்கிக் காட்டியதும், நீரைத் தேங்கவிடாமையே மருந்து என்று உலகறிந்தது. ஆக, ஒரு வெள்ளத்தின் கேட்டை நீர் நின்ற நாளால் மட்டும் எண்ணுதல் குறைக்கணக்கு. கூலி போன நாளையும் காய்ச்சல் கிடந்த நாளையும் கூட்டியே எண்ணல் வேண்டும். அவ்வாறு எண்ணிய புத்தகத்தை யாம் எங்கும் கண்டதில்லை. போன பாலின் கணக்கு உண்டு. சாய்ந்த மரத்தின் கணக்கும் உண்டு.

'நூற்றாண்டுக்கொரு வெள்ளம்' என்று அதிகாரிகளும் செய்தித்தாள்களும் கூறும் சொல்லைக் குறித்து ஒன்று சொல்லல் வேண்டும். இதனைக் கேட்ட நம்மவர், இவ்வாண்டு வந்துவிட்டது, இனி நூறாண்டுக்கு வாராது என்று பாயை விரித்துப் படுக்கின்றனர். அச்சொல்லின் பொருள் அஃதன்று. ஒவ்வோர் ஆண்டும் நூற்றில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு என்பதே பொருள். சென்ற ஆண்டு வந்தது என்பதற்காக மழை இவ்வாண்டு விலகிப் போகாது. அது சீட்டுக் கட்டியவன் முறைவைத்து எடுக்கும் சீட்டன்று. ஒரே வீட்டில் முப்பதாண்டு வாழ்பவன் அத்தகைய வெள்ளத்தை ஒருமுறையேனும் காணும் வாய்ப்பு நூற்றில் இருபத்தாறு. கடன் வாங்கி வீடு கட்டுவோன் அதை அடைத்து முடிக்குமுன், நால்வரில் ஒருவன் தன் வாசலில் அதைக் காண்பான். 2010ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் நாள் ஆர்ச்சர்ட் சாலையின் பெருங்கடைகளுள் நீர் புகுந்தது. இரண்டு மணி நேரத்தில் சுமார் 100 மில்லிமீட்டர் மழை; ஸ்டாம்ஃபோர்டு கால்வாயில் ஓர் அடைப்பு; அவ்வளவே. செல்வர் கடைவீதியும் தாழ்நிலமாயின் தாழ்நிலமே என்று அன்று பலர் உணர்ந்தனர். உணர்ந்தவர் செல்வராதலின் திருப்புக் கால்வாயும் நிலத்தடித் தொட்டியும் 2018க்குள் முடிந்தன. தோட்டத்து ஓடையைத் தூர்வார எழுதிய விண்ணப்பங்கள் அத்துணை விரைவாய் நடந்ததில்லை.

அவ்வாய்ப்பும் நிலையானதன்று. கடல் ஏறுகிறது. இந்நூற்றாண்டின் இறுதிக்குள் சிங்கப்பூரைச் சூழ்ந்த கடல்மட்டம் 1.15 மீட்டர் வரை உயரக்கூடும் என்று 2024ஆம் ஆண்டில் வெளியான ஆராய்ச்சி கூறுகிறது. கடல் உயர உயர, வடிகால் மதகைத் திறக்கும் நேரம் குறுகும். கிராஞ்சி போன்ற ஆற்றுவாய் அணைகளுக்கு இது நேரே பொருந்தும்: வெளியே ஓதம் உயர்ந்து நிற்க, உள்ளே பெருமழை பெய்தால், நீர் எப்பக்கம் போகும்? பொறியாளர் எக்கிகளைப் பற்றியும் உயர்ந்த மதில்களைப் பற்றியும் எண்ணி வருகின்றனர். நீரிணையின் எதிர்க்கரையில், அதே ஓதம் ஏறும் தாழ்நிலத்தில், எண்ணெய்ப்பனைத் தோட்டங்களும் நம்மவர் வீடுகளும் உள.

கிராஞ்சிக் குன்றின்மேல் 1957ஆம் ஆண்டு திறக்கப்பட்ட போர் நினைவகம் உளது. 1942ஆம் ஆண்டு பிப்ரவரியில் சப்பானியர் கரையேறிய ஆற்றுவாய்க்கு அது தொலைவன்று. கல்லறை அறியாது மாண்ட 24,000க்கு மேற்பட்ட வீரரின் பெயர்கள் அதன் சுவர்களில் வெட்டப்பட்டுள்ளன. இந்தியப் படையினர் பலருடைய பெயர்களும் அவற்றுள் உண்டு. பெயர் வெட்டிய கைக்கு வணக்கம். வெள்ளத்தில் மாண்டாருக்கும், வெள்ளத்தின் பின் காய்ச்சலில் மாண்டாருக்கும் அத்தகைய சுவர் எழும் என்று யாம் எதிர்பார்க்கவில்லை. எழுப்புக என்று கேட்கவும் இல்லை. கேட்பது சிறிது. தோட்டங்கள் விற்கப்பட்டு வீடுகளாகவும் தொழிற்கூடங்களாகவும் மாறிவருகின்றன. காரியாலயம் இடிக்கப்படும் நாளில் அறுபது, எழுபது ஆண்டு மழைப்புத்தகங்கள் பழந்தாளோடு நிறுத்து விற்கப்படுதல் கூடும். அங்குப் பணிபுரியும் கிராணிமாரே, அவற்றை விடாதீர். தாலுகாவிலோ நூல்நிலையத்திலோ ஒப்படையுங்கள். ஏற்பாரில்லையேல் வீட்டுக்கு எடுத்துச் செல்லுங்கள்.

புத்தகம் இல்லாதவர்க்கு முதியோர் உளர். எந்த ஆண்டு, எந்தத் திங்கள், லயத்தின் எத்தனையாம் படி வரை நீர் ஏறிற்று, எத்தனை நாள் நின்றது, எத்தனை நாள் வேலை போயிற்று, எவர் வீட்டில் எவர் மாண்டார் என்று அவரைக் கேட்டு ஒரு சிறு நோட்டில் எழுதுங்கள். ஒருவர் சொல்வதை மற்றொருவரிடம் சரிபார்த்தல் நலம். வெள்ளத்தின் உயரம் சொல்வோர் நாவில் ஆண்டுக்கு ஓரங்குலம் வளர்வதுண்டு. அடுத்த மாரி வருமுன் கூடத்தின் தூணிலோ கோயில் மதிலிலோ அந்த உயரத்துக்கு ஒரு கோடு இழுத்து ஆண்டைப் பக்கத்தில் எழுதிவைக்கலாம். ஆணியும் சிறிது தாரும் இருந்தாற் போதும். தார் கிடையாதவிடத்துச் சுண்ணாம்பும் ஆகும். ஆனால் சுண்ணாம்பு இரண்டு மழைக்கு மேல் நில்லாது.